செவலை சொன்ன ரைட்

அந்தக் காலத்தில் நாய்க்குப் பேச்சு இருந்தது. நாய்க்கு மட்டுமில்லை, மாட்டுக்கும் காக்காய்க்கும் கழுதைக்கும் இருந்தது. கழுதை பேசியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். மலையில் மனிதர்களும் மற்ற உயிர்களும் ஒரே பேச்சில் வம்பளந்து, ஒரே பேச்சில் சண்டை போட்டு, அதே பேச்சில் சமாதானமும் ஆகிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் மூங்கில்பாறை மலைக்குச் சாலை போட ஒரு துரை வந்து சேர்ந்தார். அவருக்குத் தமிழ் சுத்தமாக வரவில்லை. வந்த புதிதில் ‘தண்ணி’, ‘கல்லு’ என்று இரண்டு சொல்லைக் கற்றுக்கொண்டார். அதற்கே நாக்கு சுளுக்கிக்கொண்டதால் போதும் என்று விட்டுவிட்டார். மற்ற எல்லாவற்றுக்கும் அவர் கைவசம் தன் ஊர்ச் சொல் ஒன்று இருந்தது. ரைட்.

கல் வரிசையில் நேராக உட்கார்ந்தால் ரைட் என்பார். கையை நீட்டி வலப்பக்கம் திருப்பச் சொன்னாலும் ரைட்தான். ரசம் வாய்க்குப் பிடித்துவிட்டால் ரைட் என்று தட்டைத் தள்ளிவிடுவார். ஒருநாள் மழையில் வேலை செய்ய முடியாது என்று ஆட்கள் எல்லாரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவரைச் சுற்றி நின்றார்கள். நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது. துரை கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார், அப்புறம் அவர்கள் முகத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு ரைட் என்றார்.

மலையில் இருந்தவர்கள் அவரவர் நின்ற இடத்திலிருந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். கொத்தனாருக்கு அது ‘மட்டம் சரி’. மாட்டுக்கு ‘இழு’. காக்காய்க்கு ‘தட்டில் மிச்சம் இருக்கிறது, வா’. மண் சுமந்த பெண்களுக்கு ‘இன்றைக்கு இதோடு போதும்’. ஆளுக்கொரு பொருளை வைத்துக்கொண்டு எல்லாரும் சௌகரியமாகவே இருந்தார்கள்.

துரையின் கூடாரத்து வாசலில் செவலை என்றொரு நாய் படுத்திருந்தான். காது இரண்டும் கறுப்பு, உடம்பெல்லாம் செம்மண் நிறம். வேலை வெட்டி இல்லாதவன் என்பதால் எல்லாரையும் கவனித்துக்கொண்டிருக்க அவனுக்கு நேரம் இருந்தது. அவன் ஒன்றைக் கண்டுபிடித்தான். துரை அந்தச் சொல்லை எதற்குச் சொன்னாலும், சொல்வதற்கு முன் ஒருமுறை பார்த்தார். குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கல் வரிசையைப் பார்த்தார். கரண்டியைத் தூக்கி ரசத்தைப் பார்த்தார். மழையில் நனைந்தவர்களின் முகத்தைப் பார்த்தார். பார்க்காமல் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. அதனால் செவலை தனக்கென்று ஒரு பொருளை வைத்துக்கொண்டான். ரைட் என்றால் ‘நான் பார்த்துவிட்டேன்’.

சாலை முடிகிற சமயத்தில் துரைக்குக் காய்ச்சல் கண்டது. டோலியில் வைத்துக் கீழே தூக்கிக்கொண்டு போனார்கள். முதல் வளைவில் அவர் டோலியை நிறுத்தச் சொல்லி, கஷ்டப்பட்டு எழுந்து உட்கார்ந்து, தான் போட்ட சாலையை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை பார்த்தார். ரைட் என்றார். வெள்ளைக்காரர் விடைபெறுகிறார் என்று நினைத்துக்கொண்டு எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர் கப்பல் ஏறினாரா, வழியிலேயே கண்ணை மூடினாரா, யாருக்கும் தெரியாது. சொல் மட்டும் மலையிலேயே தங்கிவிட்டது.

சாலை வந்தால் வண்டி வராமல் இருக்குமா? அடுத்த வருசமே மேலே இருக்கிற காப்பித் தோட்டங்களுக்கும் கீழே இருக்கிற சந்தைக்கும் ஒரு பஸ் ஓட ஆரம்பித்தது. ஓட்டியவர் பெயர் சவரிமுத்து. நல்ல மனிதர், கொஞ்சம் கோபக்காரர். அவர் உட்காரும் இடத்துக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே பலகைத் தடுப்பு. பின்னால் பார்க்கக் கண்ணாடியெல்லாம் கிடையாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். வண்டி ஓடும்போது அவர் தலையைத் திருப்பினால் மொத்தப் பேருக்கும் அன்றோடு சரி.

ஆட்களுக்கோ வண்டி புதுசு. வளைவுக்கு வளைவு ‘ஐயோ’ என்பதும், ‘மெதுவா, மெதுவா’ என்று பலகையைப் போட்டுத் தட்டுவதுமாக இருந்தார்கள். முதல் வாரம் சவரிமுத்து ஒவ்வொரு தட்டுக்கும் பயந்து பயந்து வண்டியை நிறுத்திப் பார்த்தார். இறங்கிக் கேட்டால், ‘ஒண்ணுமில்லப்பா, பள்ளத்தைப் பாத்தோம், பயமா இருந்துச்சு’ என்பார்கள். அதற்கப்புறம் பின்னாலிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் காதில் வாங்காமல் ஓட்டப் பழகிக்கொண்டார்.

அதுவும் ஆபத்தில்தான் முடிந்தது. ஒரு பெரியவர் படியில் ஒற்றைக் காலை வைத்திருக்கும்போதே வண்டி கிளம்பி, அவர் உருண்டு விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். இனி இந்த வண்டியில் ஏற மாட்டோம் என்று ஊரே சொல்லிவிட்டது.

“பின்னாடி நின்னு பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும்,” என்றார் சவரிமுத்து. “யாரு நிக்கிறீக?”

நான் நிற்கிறேன் என்று கழுதை முன்னால் வந்தது. எல்லாரும் சிரித்ததில் அது கோபித்துக்கொண்டு போய்விட்டது. அப்புறம்தான் செவலை வாலை ஆட்டிக்கொண்டு வந்தான்.

“நான் நிக்கிறேண்ணே.”

“நின்னு என்னா செய்வ?”

“எல்லாரும் ஏறியாச்சா, படியில யாரும் தொங்குறாகளா, சக்கரத்துக்கிட்ட புள்ளைக எதுவும் நிக்குதான்னு பாப்பேன். பாத்துட்டு ரைட்டுன்னு ஒரு சத்தம் குடுப்பேன். அப்பறம் நீங்க எடுங்க.”

சவரிமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். “இந்தா பாரு செவலை. நீ சொல்லிட்டியன்னா நான் திரும்பிப் பாக்க மாட்டேன். ஒன் வாய நம்பித்தான் வண்டி நகரும். இத்தனை உசுரு இருக்கு, தெரியுமில்ல?”

“தெரியும்ணே. நம்புங்க.”

கிளம்புவதற்கு ஒரு சொல் வைத்துக்கொண்டார்கள். நிறுத்துவதற்கு ஒரு சொல் வைத்துக்கொள்ள இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

செவலை வேலையில் கெட்டிக்காரனாக இருந்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குதித்து இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, சக்கரத்துக்கு அடியில் எட்டிப் பார்த்து, உள்ளே ஏறி முகம் முகமாகப் பார்த்துவிட்டுப் பின்படியில் நின்று குரல் கொடுப்பான். “ரைட்!” வண்டி உறுமிக்கொண்டு நகரும். அவ்வளவு பெரிய வண்டி தன் வாயிலிருந்து வரும் ஒற்றைச் சொல்லுக்குக் காத்துக்கிடக்கிறது என்ற நினைப்பு அவனுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. ஊர் நாய்கள் எல்லாம் பஸ் வரும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருக்கும். அவன் அவர்களைப் பார்க்காத மாதிரி நிற்பான்.

நாளாக நாளாக அவனுக்கு ஒன்று பிடிபட்டது. இதற்கெல்லாம் கண்ணே தேவையில்லை, மூக்கே போதும். வெங்காய மூட்டைக்காரர் வந்துவிட்டார், பீடி வாசனை வந்துவிட்டது, விளக்கெண்ணெய் தேய்த்த குழந்தை வந்துவிட்டது. எல்லா வாசனையும் வண்டிக்குள் இருக்கிறது, அப்படியென்றால் ரைட். கண்ணை மூடிக்கொண்டே சொன்னான், ஒருநாள்கூடத் தப்பவில்லை. “கண்ண மூடிக்கிட்டே சொல்லுறான்யா!” என்று ஆட்கள் வாய் பிளந்தார்கள். புகழ்ச்சி யாரைத்தான் விட்டது? முதலில் சக்கரத்தைச் சுற்றி வருவதை விட்டான். பிறகு முகம் பார்ப்பதை விட்டான். கடைசியில் பின்படியில் ஒய்யாரமாகச் சாய்ந்துகொண்டு, மூக்கை மட்டும் உள்பக்கம் திருப்பிச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டான்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. மேல்தோட்டத்திலிருந்து குருவம்மா என்ற பெண் ஏறினாள். நிறைமாதம். மூன்றாவது பிள்ளைப்பேறு. மூத்தது இரண்டையும் மாமியாரிடம் விட்டுவிட்டு, கீழே தாய்வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். அவள் புருசன் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றி, பின்வரிசை ஓரத்தில் ஒரு கம்பளியை விரித்து உட்காரவைத்தான்.

“பாத்துக் கூட்டிட்டுப் போ செவலை.”

“நான் இருக்கேன்ல மாமா,” என்றான் செவலை.

பாதி வழியில் பாறைச் சுனை என்ற இடம் உண்டு. இன்ஜின் சூடாகிவிடும், வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக அங்கே நிறுத்துவார்கள். ஆட்களும் இறங்கிக் கைகால் கழுவி, காலாற நடந்துவிட்டு வருவார்கள். குருவம்மாவும் இறங்கினாள். நிறைமாதக்காரிக்கு அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும், அவள் பெரிய பாறைக்குப் பின்னால் போனாள். கம்பளி இருக்கையிலேயே கிடந்தது.

பட்டப்பகலிலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து ஏறினார்கள். நனையாமல் உள்ளே போய் உட்காருவதுதான் அப்போது எல்லாருக்கும் பெரிய கவலை, பக்கத்து இருக்கையில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று எவரும் பார்க்கவில்லை. செவலைக்கு முகத்தில் சாரல் அடித்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மூக்கைத் திருப்பினான். வெங்காயம் இருந்தது. பீடி இருந்தது. குருவம்மாவின் மஞ்சளும் வேப்பெண்ணெயும் அடுப்புப் புகையும் சேர்ந்த வாசனை எல்லாவற்றையும்விடத் தூக்கலாக இருந்தது. சாரலில் நனைந்த கம்பளி அவள் வாசனையை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது.

“ரைட்!” என்றான் செவலை.

வண்டி நகர்ந்தது.

இரண்டு வளைவு தாண்டியதும் சாரல் திசை மாறி, அவன் கண்ணைத் திறந்தான். பின்வரிசை ஓரத்தில் கம்பளி கிடந்தது. ஏதோ குறைகிறது என்று மனசுக்குப் பட்டது. கிட்டே போய்க் கம்பளியைப் பல்லால் பற்றி இழுத்தான். அடியில் வெறும் பலகை.

“குருவம்மாக்காவ விட்டுட்டோம்! நிறுத்துங்கண்ணே!” என்று கத்தினான். ஆட்களும் பதறிப்போய்ப் பலகையைத் தட்டினார்கள், கூச்சல் போட்டார்கள். தகரக் கூரையில் மழையும் இன்ஜினும் சேர்ந்து போட்ட சத்தத்தில், சவரிமுத்துவுக்கு வழக்கமான ஐயோவும் வழக்கமான தட்டலும்தான் கேட்டன. அவர் எதற்குத் திரும்ப வேண்டும்? ரைட் என்று செவலை சொல்லியாகிவிட்டது.

செவலை பின்படியிலிருந்து குதித்தான். உருண்டு எழுந்து வண்டிக்குப் பின்னால் ஓடினான். “நிறுத்துங்க! நிறுத்துங்கண்ணே!” சேறு வாரி முகத்தில் அடித்தது. வண்டி இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது, அவனால் பிடிக்க முடியவில்லை. வளைவு வந்த இடத்தில் சாலையை விட்டு இறங்கி, சரிவில் முள்ளும் கல்லுமாகச் சறுக்கி, அடுத்த திருப்பத்தில் வண்டிக்குப் பக்கமாக வந்து விழுந்தான். சக்கரத்தோடு ஒட்டி ஓடிக்கொண்டே கத்தினான். மறுபடி வண்டி முந்தியது. மறுபடி சரிவில் குதித்தான். மேலே பாறைச் சுனையில் யானை தண்ணீர் குடிக்க வரும் நேரம் அது என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. ஓட ஓடக் கத்தினான், கத்தக் கத்தத் தொண்டை கிழிந்தது. ‘நிறுத்துங்கண்ணே’ என்பது ‘நிறுத்து’ என்றாகி, அதுவும் உடைந்து, கடைசியில் வெறும் சத்தம்தான் வந்துகொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. தான் இன்னும் பேசிக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஓடினான்.

ஒரு திருப்பத்தில் எப்படியோ முன்சக்கரத்தை எட்டிவிட்டான். சக்கரத்துக்கு முன்னால் ஒரு செம்மண் உருவம் பாய்வதைக் கண்டு சவரிமுத்து பிரேக்கில் ஏறி நின்றார்.

“ஏண்டா, சாகவா பாக்குற!” என்று கத்திக்கொண்டே இறங்கினார்.

செவலை வாயைத் திறந்தான்.

“வள்.”

“என்னடா?”

“வள், வள்.”

செவலையே திடுக்கிட்டு நின்றான். அதற்குள் ஆட்கள் இறங்கி ஓடிவந்து விஷயத்தைச் சொன்னார்கள். அந்த இடத்தில் வண்டியைத் திருப்ப வழியில்லை. கம்பளியை எடுத்துக்கொண்டு ஆணும் பெண்ணுமாக மழையில் மேலே ஏறினார்கள். எல்லாருக்கும் முன்னால் செவலை ஓடினான்.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் மழை விட்டிருந்தது. பெரிய பாறைக்குப் பின்னால், ஒரு மரத்தின் வேரில் சாய்ந்து குருவம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் முந்தானைக்குள் ஒரு சின்ன உயிர் அழுதுகொண்டிருந்தது. மூன்றாவது பிள்ளை காத்திருக்கவில்லை. யாரும் இல்லாத இடத்தில், கையில் அகப்பட்டதை வைத்து, தனக்குத் தெரிந்ததைத் தானே செய்து முடித்திருந்தாள். பெண்கள் அழுதுகொண்டே அவளைக் கம்பளியால் போர்த்தினார்கள்.

“ஏன் ஆத்தா, வண்டி கெளம்புறது கேக்கலையா? ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?” என்று ஒருத்தி கேட்டாள்.

குருவம்மா செவலையைப் பார்த்தாள். அவன் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான், கிட்டே வரவில்லை.

“கேட்டுச்சு. செவலை ரைட்டு சொன்னதும் கேட்டுச்சு. அவன் பாக்காம சொல்ல மாட்டானே, நம்மளக் கூட்டிட்டுப் போக வேற ஏதோ ஏற்பாடு பண்ணிட்டுத்தான் சொல்லியிருக்கான்னு நெனச்சேன். அதான் கத்தல.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் செவலை தாங்கியிருப்பான். மன்னிச்சிரு அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தான். மறுபடியும் அந்தச் சத்தம்தான் வந்தது. குழந்தை வீறிட்டது. வாயை மூடிக்கொண்டான்.

தாயையும் பிள்ளையையும் கம்பளியைத் தொட்டில் மாதிரி பிடித்துக் கீழே கொண்டுவந்தார்கள். எல்லாரும் ஏறினார்கள். சவரிமுத்து தன் இடத்தில் உட்கார்ந்து இன்ஜினை முடுக்கினார். வண்டி உறுமிக்கொண்டே நின்றது.

“அதான் எல்லாரும் ஏறியாச்சுல்ல, போங்கண்ணே,” என்றார் வெங்காயக்காரர்.

சவரிமுத்து திரும்பாமலே கேட்டார். “யாரு பாத்தது?”

ஏறியிருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். பார்த்தவர் யாரும் இல்லை. செவலை சாலையில், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

குருவம்மா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து எழுந்தாள். உட்காருத்தா என்று தடுத்தவர்களைக் கண்டுகொள்ளவில்லை. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை முகம் முகமாகப் பார்த்தாள். பின்படிக்கு வந்து இரண்டு சக்கரத்தையும் எட்டிப் பார்த்தாள்.

“செவலை ஏறல. ஏறு தம்பி.”

அவன் ஏறவில்லை. அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அங்கேயே நின்றான். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். அவன் மனசு அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“ரைட்,” என்றாள்.

சவரிமுத்து கியரில் கையை வைப்பதற்குள் அவள் கண் கீழே கிடந்த ஈரக் கம்பளி மேல் விழுந்தது. “இருங்கண்ணே” என்றாள். குனிய முடியாமல் குனிந்து, அதைத் தூக்கி, உதறி, அடியில் பார்த்தாள். பிறகுதான் இரண்டாவது முறையாகச் சொன்னாள்.

“ரைட்.”

வண்டி நகர்ந்தது. செவலை சக்கரத்தை ஒட்டிக் குரைத்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினான். திருப்பம் வந்ததும் நின்றான். வண்டி கண்ணுக்கு மறையும் வரை பார்த்தான். பிறகு திரும்பி மலையேறி, ஆளில்லாத பாறைச் சுனைக்கே போய், பாறைக்குப் பின்னாலும் வேருக்கு அடியிலும் பார்த்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டான்.

அவனோடு நாய்க்குலத்துக்கே பேச்சு போய்விட்டது. மாடும் காக்காயும் எப்படிப் பேச்சை இழந்தன என்பது வேறு கதை. கழுதை இழந்த அன்று யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

குருவம்மா பார்த்துப் பார்த்து ரைட் சொன்னதைக் கவனித்த ஒரு ஆள் மறுநாளிலிருந்து பின்படியில் நின்றார். அவரைப் பார்த்து அடுத்த வண்டியில் ஒருவர் நின்றார். அந்தச் சொல்லும் வண்டியேறி மலையை விட்டு இறங்கியது. சம்மதம் என்பதற்கு ரைட் என்றார்கள். விடு, போகட்டும் என்பதற்கும் ரைட்டு விடு என்றார்கள். புரிந்ததா என்று கேட்க ரைட்டா என்றார்கள். புரியாமலே தலையாட்டவும் ரைட் ரைட் என்றார்கள். இன்றைக்கு அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறவர்களும் உண்டு, பாராமல் சொல்கிறவர்களும் உண்டு. கேட்கிறவர்கள்தான் பாவம், எது எதுவென்று தெரியாமல் நம்பிவிடுகிறார்கள்.

அன்று முதல்தான் கண்டக்டர் இரண்டு தடவை ரைட் சொல்லாமல் டிரைவர் வண்டியை எடுப்பதில்லை. அன்று முதல்தான் தெருவில் எந்த வண்டி கிளம்பினாலும் நாய் குரைத்துக்கொண்டே சக்கரத்தோடு ஓடுகிறது. கோபத்தில் துரத்துகிறது என்று நாம் கல்லெடுக்கிறோம். அது கொஞ்ச தூரம் ஓடி, நின்று, வண்டி போன திசையைப் பார்த்துவிட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து, யாராவது விடுபட்டுப்போயிருக்கிறார்களா என்று, மூக்கால் இல்லை, கண்ணைத் திறந்து பார்க்கிறது.